சிவப்புப் பெட்டையின் பேத்தி

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருபது புறாக்கள் வளர்க்கிறேன். எல்லாம் ஹோமர். எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டைத் தேடித் திரும்பி வந்துவிடுகிற வகை. அதில் ஒரு சிவப்புப் பெட்டை மேல் எனக்கு உயிர். சிவப்பு என்றால் தக்காளிச் சிவப்பு இல்லை. நான் மணலிப் பக்கம் ஒரு யார்டில் ஓட்டை விழுந்த கண்டெய்னர்களுக்குத் தகடு வைத்து ஒட்டுகிற வெல்டர். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், துருப்பிடித்த தகட்டின் மேல் சாம்பலைத் தூவித் துடைத்தால் ஒரு நிறம் வருமே, அதுதான்.

ஓங்கோலில் இருந்து விட்ட ஒரு பந்தயத்தில் வல்லூறு கிழித்த மார்போடு அது மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தது. நான் வேட்டித் துணியால் ரத்தத்தைத் துடைக்கத் துடைக்க, அது என் கையில் இருந்தபடியே தானியப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. இதே நிறத்தில், இதே மாதிரி, இதன் வயிற்றில் இருந்து ஒரு பெட்டை வேண்டும்.

அது மட்டும் நடக்கவே இல்லை. என்னிடம் இருந்த சேவல்கள் எல்லாம் நீலம். மாடப்புறா மாதிரி சாம்பல் நீலம், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. அவற்றோடு ஜோடி போட்டால் சிவப்புக் குஞ்சும் வரும், நீலக் குஞ்சும் வரும். ஆனால் சிவப்பாக வந்தவை அத்தனையும் வளர்ந்ததும் கழுத்தை உப்பிக்கொண்டு சேவலாகச் சுற்றும். நீலமாக வந்தவைதான் முட்டை போடும். சேவல் நமக்கெதற்கு என்று சிவப்பை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெட்டைக்கு அப்படி ஒரு ராசி என்றுதான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் எனக்குக் காது சுடும். யார்டில் என்னை ஊமைத்தொர என்பார்கள். கோபம் வராது, பதில் சொல்லும் வேலை இல்லை என்று நிம்மதியாக இருக்கும்.

ராயபுரத்தில் எனக்கு ஒரு புறா சிநேகிதர். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் வைத்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டிலும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். இருபது வருஷப் பழக்கம். அவர் பேசுவார், நான் கேட்பேன், அதனால் சண்டை வந்ததே இல்லை. அவர் மகனுக்கு என் மகளைக் கேட்டார். ஆவணியில் தட்டு மாற்றினோம். அவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டி முடிக்க வேண்டியிருந்ததால் கல்யாணத்தை வைகாசிக்கு வைத்தோம்.

தட்டு மாற்றிய அன்று சாப்பாட்டுப் பந்தியிலேயே அவர் கத்தினார்.

"சம்மந்தி! புள்ளைங்களுக்கு மட்டும் இன்னா, நம்ம பட்சிங்களும் ஒண்ணாவட்டும். என் புளூ சேவல், உன் செவப்புப் பொட்ட. இன்னா சொல்ற?"

நான் தலையாட்டினேன். பெட்டைக்கு அப்போது ஒன்பது வயது. முட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோ போட்டால் அதிகம். அவருடைய சேவலோ பெரிய வம்சம். இந்த முறையாவது ஒரு சிவப்புப் பெட்டை வராதா என்று எனக்கும் ஒரு நப்பாசை.

இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஜோடி போட்டால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சேவல் குஞ்சு சேவல்காரனுக்கு, பெட்டைக் குஞ்சு பெட்டைக்காரனுக்கு. சிக்கல் என்னவென்றால், ஒரு மாதத்துக்குள் பிரித்தாக வேண்டும். குஞ்சு வெளியே பறந்து ஊரைப் பார்த்துவிட்டால் அதற்கு அந்தக் கூண்டுதான் வீடு. அப்புறம் ஆயுளுக்கும் எங்கே கொண்டுபோனாலும், கூண்டில் அடைத்தே வைத்தால் ஒழிய, அங்கேதான் திரும்பும். ஆனால் ஒரு மாதக் குஞ்சைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஐந்தாறு மாதமாவது ஆக வேண்டும். அதனால் நிறத்தை வைத்துப் பிரிப்பார்கள். அப்பன் நிறத்தில் இருந்தால் சேவல், ஆத்தா நிறத்தில் இருந்தால் பெட்டை. அவ்வளவுதான் சட்டம்.

இரண்டு குஞ்சு வந்தது. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி கூடையோடு வந்தார். சாட்சிக்கு என்று ராயபுரத்துப் புறாக்காரர்கள் மூன்று பேர். நீலக் குஞ்சைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாரு, பாரு! அப்படியே அப்பன உரிச்சு வெச்சிகிறான். மூக்கப் பாரு, என்னா திமிரு!"

அது பெட்டை என்று எனக்குத் தெரியும். சிவப்புப் பெட்டை கிடைக்கவில்லை, அதன் வயிற்றில் பிறந்த நீலப் பெட்டையாவது மிஞ்சட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மெதுவாகச் சொன்னேன்.

"அது பொட்ட. செவப்புதான் சேவலு."

மூன்று சாட்சிகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

"மாமு, உன் சம்மந்தி வாயத் தொறக்கவே மாட்டாருன்னு சொன்னியே. தொறந்தவொடனே சேவல ஆட்டையப் போட பாக்குறாரே!"

"பொண்ணையும் குட்த்துட்டு சேவலையும் குட்ன்னா அவரும் இன்னாதான் பண்ணுவாரு?"

சம்மந்தியும் சிரித்தார், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. உண்மையைச் சொன்னதும் நான் திருடன் மாதிரி ஆகிவிட்டேன். டீ கொண்டுவந்த என் மனைவி படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் மிச்ச வார்த்தையும் உள்ளே போய்விட்டது. அவர் நீலத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னாயா நீ, வைகாசில பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு ஒரு குருவிக்கு வழக்கு பேசற?" என்றாள் மனைவி.

"குருவி இல்ல, புறா."

"இத மட்டும் நல்லா பேசு."

மகள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது என்ன நடந்தது என்று கேட்டாள். அவளிடம் எனக்குப் பேச வரும். இத்தனை வருஷம் நான் பார்த்ததை, சிவப்பாக வந்ததெல்லாம் சேவல் ஆனதை, முதல் தடவையாக முழுவதும் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்த கையோடு நிறுத்திவிட்டாள்.

"நைனா, இத நீயா கண்டுபுட்ச்சியா? இது பன்னெண்டாவதுல பாடமே கீது நைனா! அதுல கோழிய வெச்சு சொல்லிகிறாங்க."

பட்டாணிச் செடியை வைத்து ஒரு பாதிரியார் முதலில் சட்டம் சொன்னாராம். அந்தச் சட்டப்படி ஒரு குணத்தை அம்மா கொடுத்தாலும் அப்பா கொடுத்தாலும் ஒன்றுதான், பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதான். ஆனால் எல்லாக் குணமும் அதற்கு அடங்குவதில்லையாம். அவள் தட்டின் ஓரத்தில் கடலைப் பருப்பை வைத்துக் காட்டினாள்.

"நெறத்த எழுதன டோக்கன்னு வெச்சுக்க. சேவலுக்கு ரெண்டு டோக்கன். பொட்டைக்கு ஒண்ணுதான், இன்னொண்ணு ஒண்ணும் எழுதாத சீட்டு. அந்த வெறுஞ்சீட்ட அம்மா யாருக்குக் குடுக்குதோ அதான் பொட்டையாவும். அப்ப அம்மாவோட செவப்பு டோக்கன் யாருக்குப் போவும்?"

"சேவலுக்கு."

"அவ்ளோதான். அதுக்கு அப்பன் குட்த்த நீலமும் உள்ள இருக்கும், ஆனா செவப்பு அத அமுக்கிடும். பொண்ணு நெறம் முழுக்க அப்பன் குட்த்தது. மனுசங்களுக்கு இது தலகீழ். பொம்பளைக்குத்தான் ரெண்டு."

எங்கள் யார்டில் சிவப்பு ஒயருக்கும் பச்சை ஒயருக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் இருக்கிறான். அவன் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அப்படித்தான் என்பான். அதைச் சொன்னேன். "அதேதான், அதேதான்!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். சோறெல்லாம் தெறித்தது.

எனக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப நீலச் சேவலோட போட்டா இதுக்கு செவப்புப் பொட்ட பொறக்கவே பொறக்காதா?"

"பொறக்காது. ஆனா செவப்பு எங்கியும் போவல நைனா. புள்ள கைல கீது. அவன் அத அவன் பொண்ணுக்குக் குடுக்கலாம். பொண்ணா வராது, பேத்தியா வரும்."

எத்தனை சிவப்புச் சேவல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்! அன்று கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஏறிப்போய், பெட்டை என்று சொல்லி எனக்கு விட்டுப்போன சிவப்புக் குஞ்சைப் பார்த்தேன். அது என் விரலைக் கொத்தியது. என் பெட்டையின் நிறம் போய்ச்சேர மிச்சமிருந்த ஒரே வழி அதுதான்.

கார்த்திகையில் பெட்டை ஒரே ஒரு முட்டை போட்டது. அதுவும் கூமுட்டை. அதோடு நிறுத்திக்கொண்டது. அந்தச் சிவப்புக் குஞ்சு வளர்ந்து, மாசி பிறந்ததும் கழுத்தை உப்பிக் குதிக்க ஆரம்பித்தது. சேவல்தான். நான் சம்மந்தியிடம் எதுவும் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

சித்திரையில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மகள் போனை நீட்டினாள். மாப்பிள்ளைப் பையன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அவனுக்குப் புறாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்து கொண்டுபோன நீலச் 'சேவலுக்கு' சம்மந்தி ஒரு பெட்டையை ஜோடி போட்டிருந்தார். கூட்டில் நான்கு முட்டை. கீழே பையன் எழுதியிருந்தான்: "எங்க ஜோடி நாலு போட்டுகீது, உங்க வூட்டுதெல்லாம் ரெண்டுதானே!"

ஒரு பெட்டை இரண்டு முட்டைதான் போடும். நான்கு இருந்தால் கூட்டில் இருப்பது இரண்டு பெட்டை. இது புறா வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். பையன் அதே போட்டோவை ராயபுரத்தில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

அதற்குப் பிறகு சம்மந்தியிடம் இருந்து போன் இல்லை. தினமும் கூப்பிட்டு அரை மணி நேரம் கத்துகிறவர். ஒரு வாரம் ஆனது. பத்திரிகைக்கு யார் யார் பெயர் போடுவது என்று கேட்டு என் மனைவி போன் செய்தால் அவர் மனைவிதான் எடுத்தார்கள். துறைமுகத்தில் எல்லோரும் அவரைப் பார்த்து "இன்னா மாமு, சேவலு இன்னிக்கு எத்தினி முட்ட?" என்று கேட்கிறார்களாம். நான் தெரிந்தே அவரை அசிங்கப்பட விட்டேன் என்று அவர் நினைக்கிறாராம்.

"போயி பேசு" என்றாள் மனைவி. "நீயேதான் போவணும். நான் வர மாட்டேன்."

பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று நாலைந்து வாக்கியத்தைத் தயார் செய்தேன். அவர் வீட்டு மாடிக்கு ஏறியதும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் முறத்தில் தானியத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா. நாலு முட்டைய பாக்க வந்தியா?"

"நான் அன்னிக்கே சொன்னனே."

"சொன்ன. ஒருவாட்டி மெதுவா சொன்ன. தெரியும்னா தலமேல அடிச்சு சொல்ல வேணாமா? நீ எப்டியா சொன்ன? வேப்பிலைய பாத்து சொல்ற மாதிரி சொன்ன!"

நான் அப்படித்தான் சொன்னேன். எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் பேச்சும் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. டோக்கனை, வெறுஞ்சீட்டை, அம்மாவின் சிவப்பு மகனுக்கே போவதை எல்லாம் அவர் முறத்தில் இருந்த சோளத்தையும் கம்பையும் வைத்தே காட்டினேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்ப நாம காலங்காலமா பிரிச்சதெல்லாம்?"

"செவப்புப் பொட்டையும் நீலச் சேவலும் சேந்தா எல்லாம் தப்பு."

"அதெப்டி? அப்டின்னா எவனாவது வந்து கேட்டிருப்பான்ல?" போனை எடுத்தார். போன வருஷம் அதே மாதிரி ஒரு ஜோடியில் இருந்து நீலக் குஞ்சைச் சேவல் என்று எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு சிநேகிதருக்குக் கொடுத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். "தோஸ்து, உனக்கு ஒரு புளூ சேவலு குட்த்தேனே, எப்டி கீது?"

அலைச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"நல்லா கீது மாமு. இப்ப இன்னா அதுக்கு?"

"உண்மைய சொல்லு."

"அது முட்ட போட்டு ஆறு மாசம் ஆவுது. ஆசையா குட்த்த, உன் மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது? நானும் சேவல்னு சொல்லித்தான் அத வேற ஒருத்தனுக்குக் குட்த்தேன். அவனும் இதுவரிக்கும் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசன்."

சம்மந்தி போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக ஒருவர் மனம் ஒருவருக்கு நோகக் கூடாது என்று எல்லோரும் தப்பான புறாவோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

சிரித்து முடித்ததும் அவர் எழுந்து நீலப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இந்தா. பொட்ட உன்னுது. வழக்கம்னா வழக்கம். அந்த செவப்புச் சேவல எனக்கு அனுப்பிடு."

வழக்கப்படி அவர் சொல்வது சரி. ஆனால் சிவப்புச் சேவல் போனால் என் பெட்டையின் நிறமும் அதோடு போய்விடும். இந்தத் தடவை வேப்பிலையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"செவப்பு என்கிட்டயே இருக்கட்டும். அத குட்க்க முடியாது."

"அட!" என்றார். அவருக்குக் கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் பெட்டையைப் பற்றி, அதன் பேத்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "சரி, அவனவன் கைல வந்தது அவனவனுக்கு. ஆனா உன் பொண்ணு படிச்ச படிப்ப நானும் பாக்கணுமே. என் நீலப் பொட்டையில ஒண்ண அனுப்புறேன். உன் செவப்போட போடு. வழக்கப்படி சேவல் குஞ்சு உனக்கு, பொட்டக் குஞ்சு எனக்கு."

அந்த நேரத்தில் எதற்கும் சரி சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். நான் ஆசைப்படுகிற சிவப்புப் பெட்டை பிறந்தால் அது அவருக்கு.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆடியில் அந்த ஜோடி குஞ்சு பொரித்தது. மறுபடியும் ஒரு நீலம், ஒரு சிவப்பு. சம்மந்தி போனில் கத்தினார். "சொல்லுயா பண்டிதரே, எது பொட்ட?"

"தெரியாது."

"இன்னாது?"

"சேவலு செவப்பா இருந்தா சொல்ல முடியாது. அவன்கிட்ட ரெண்டு டோக்கனும் கீது. எத வேணா யாருக்கு வேணா குட்ப்பான்."

ஆடிக்கு வீட்டுக்கு வந்திருந்த என் மகள் பக்கத்தில் இருந்து "கரெக்ட் நைனா!" என்றாள். பிரிக்க முடியாததால் இரண்டும் என்னிடமே வளர்ந்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்து சிவப்பை முறைத்துப் பார்ப்பார். கொஞ்சம் கழுத்தைத் தூக்கினால் "சேவலு, சேவலு, போச்சு உனக்கு" என்பார். சும்மா உட்கார்ந்தால் "பொட்ட. எனக்குத்தான்" என்பார். எதுவானாலும் அவருக்குச் சந்தோஷம்தான். எனக்கு இரண்டிலும் நஷ்டம். சேவலானால் ஆசை போச்சு, பெட்டையானால் புறா போச்சு.

நீலம் முதலில் சேவலாகக் கூவியது. தை மாதம் ஒரு காலை, நான் தண்ணீர் மாற்றப் போனபோது சிவப்பு ஒரு மூலையில் குந்தியிருந்தது. எழுப்பினேன். அடியில் ஒரு முட்டை. சின்னது, சூடாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துருவும் சாம்பலும், அதே நிறம். கிழட்டுப் பெட்டை மேல் பலகையில் இருந்தபடி எதையும் கவனிக்காமல் இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. ஆனால் நாலு முட்டைக்கு இந்த மனுஷன் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு நானே போன் செய்தேன். "பொட்ட" என்றேன். அவர் சத்தமே போடாமல், "ஞாயித்துக்கெயம வரேன்" என்றார்.

வந்தார். கூடையில் வைக்கோல் பரப்பி, பெட்டையை அவரே பதமாக எடுத்து வைத்தார். "வழக்கம் வழக்கம்தான் சம்மந்தி" என்றார். என் மனைவி கொடுத்த டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போனார். நான் தெருமுனை வரை கூடப் போனேன். வண்டி திரும்பும்வரை கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"சம்மந்தி, எங்க மாடி வரிக்கும் கொண்டாந்துட்டேன். பொட்டக் குஞ்சு பொட்டக்காரன் வூட்டுக்கு வந்துட்ச்சு. உன் பொண்ணுதான் சாட்சி. அப்பால கூடைய தொறந்தேன். பறந்துட்ச்சு. அதுக்கு நான் இன்னா பண்றது? ஊரப் பாத்த புறா."

நான் மாடிக்கு ஓடினேன். கடல் பக்கம் இருந்து தனியாக ஒன்று வந்தது. ஒரு வட்டம் அடித்து, இறக்கையை மடக்கி, கூண்டுப் பலகையில் இறங்கியது. போன் இன்னும் காதில் இருந்தது.

"வந்துட்ச்சா?" என்று அவர் கத்தினார். பின்னால் என் மகளும் "வந்துட்ச்சா நைனா?" என்றாள்.

"வந்துட்ச்சு!" என்று நானும் கத்தினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பெட்டை உள்ளே நுழைந்து, தண்ணீரில் அலகை முக்கிக் குடிக்க ஆரம்பித்தது.